ரோப்கார்ப் பெண்ணும் ரோபோக்காரனும்

பிப்ரவரி 3

மரியாதைக்குரிய நாத்தனாருக்கு,

இத்தனை வருஷமாக உங்களைப் பாப்பா என்றும் நீ என்றும்தான் கூப்பிட்டிருக்கிறேன். இப்போது ‘நீங்கள்’ போட்டு எழுதுகிறேன் என்றால் என் கோபம் இன்னும் ஆறவில்லை என்று புரிந்துகொள்ளவும். போனில் பேசினால் உங்கள் குரலைக் கேட்டதும் பாதியில் வைத்துவிடுவேன். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, தொடங்கினால் முடித்தாகவேண்டும். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் என் வீட்டுக்காரரைப் பற்றியது. அதாவது உங்கள் அண்ணனைப் பற்றியது.

போன வருஷம் துறைமுகத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். இவர் கிரேனில் இருந்து கன்டெய்னர் பெட்டியை இறக்கும்போது காற்று திடீரென்று திரும்பி, பெட்டி ஊசலாடி, கீழே நின்ற லாரியின் முன்பக்கத்தை நசுக்கிவிட்டது. டிரைவர் சற்று முன்னால்தான் இறங்கியிருந்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இவர் மேல் தப்பில்லை என்று விசாரணையிலும் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அன்றைக்குக் கிரேனை விட்டு இறங்கிய இந்த மனிதர் மறுபடி ஏறவில்லை. கேட் ஆபீசில் உட்கார்ந்து லாரி நம்பர் பார்க்கிறார். வீட்டில் ‘ம்’, ‘உம்’, ‘சரி’ என்று மூன்றே வார்த்தை. இதுவரை உங்களுக்குத் தெரிந்தது.

தெரியாதது இனிமேல்தான். கொஞ்ச நாளாக வேலை முடிந்து வந்ததும் சின்ன ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். காதில் ஹெட்போன். தனியாகச் சிரிக்கிறார். ஒரு நாள் துவைக்கப் போட்ட கைக்குட்டை ஈரமாக இருந்தது, இவருக்குச் சளி கிடையாது. போன வாரம் ஹெட்போன் கழன்றிருந்ததோ என்னவோ, உள்ளே ஒரு பெண் ஏதோ புரியாத பாஷையில் அழுகிற குரல் கேட்டது. இவர் சொல்கிறார்: “விடும்மா, அழாத. உன் மேல தப்பில்ல.”

நான் கையில் பால் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன்.

இன்னொன்று. தினமும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது “தடைமா” என்கிறார். முதல் நாள் “என்ன தடை?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல” என்றார். மறுநாளும் தடைமா. கம்பெனியில் இவரை இனிமேல் கிரேன் பக்கமே போகக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்களா? அதை என்னிடம் சொல்ல முடியாமல் வாசலில் நின்று சொல்லிப் பார்க்கிறாரா?

நான் லேபில் தினமும் எத்தனையோ பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறேன். உள்ளே என்ன ஓடுகிறது என்று அதில் தெரிந்துவிடும். இவருக்குள் என்ன ஓடுகிறது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் சொல்லுவார். கேட்டு எழுதவும்.

பி.கு.: என் வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனதை நான் மறக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

*

பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணி,

‘நீங்கள்’ என்று படித்ததும் கடிதம் யாருக்கோ வந்தது என்று நினைத்து உறையைத் திருப்பிப் பார்த்தேன். என் விலாசம்தான்.

முதலில் பி.கு.வுக்குப் பதில். நான் சொன்னது “ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கு.” நீங்கள் அடுப்படியில் இருந்ததால் கடைசிப் பாதி காதில் விழவில்லை. விழாத பாதிக்காக ஒரு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறீர்கள்.

இப்போது அண்ணன் விஷயம். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பெண்ணும் இல்லை, தடையும் இல்லை. அவன் ஜப்பான் கார்ட்டூன் பார்க்கிறான்.

போனில் கேட்டேன். “அனிமேன்னு சொல்லுவாங்க” என்று இழுத்தான். கேட் ஆபீசில் அவனோடு ஒரு அம்மா வேலை பார்க்கிறாராமே, லாரிகளுக்குச் சீட்டுக் கொடுப்பவர், அவர்தான் சாப்பாட்டு வேளையில் போனை டிபன் பாக்ஸில் சாய்த்து வைத்துப் பார்ப்பாராம். இவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறான். பிறகு நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டிருக்கிறான். நீங்கள் கேட்ட அழுகை அதில் வருகிற பெண்ணுடையது. மலையில் ரோப்கார் ஓட்டுகிறாளாம்.

தடைமா என்பது அந்த ஊரில் வீட்டுக்குள் நுழையும்போது சொல்வதாம். ‘வந்துட்டேன்’ என்று அர்த்தம். வீட்டில் இருப்பவர் பதிலுக்கு ‘ஒகாஎரி’ என்று சொல்லவேண்டுமாம். வா வா, வந்தாயா என்கிற மாதிரி. ஏதோ ஏரியின் பெயர் போல இருக்கிறது, ஆனால் அதுதான் பதில். அவன் விளையாட்டாகச் சொல்லிப் பார்த்திருக்கிறான். நீங்கள் “என்ன தடை” என்று கேட்டிருக்கிறீர்கள். பாவம், அதற்குமேல் அவன் எப்படி விளக்குவான்?

இதுவரை நல்லபடி போயிற்று. பிறகு நான் வாயைத் திறந்தேன். “அம்பத்திரண்டு வயசுல கார்ட்டூனா அண்ணா? அடுத்து என்ன, கிலுகிலுப்பையா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டேன். வைத்துவிட்டான். மறுநாள் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இன்றைக்கும் எடுக்கவில்லை. உங்களோடு ஏற்கெனவே பேச்சு இல்லை, இப்போது அவனோடும் இல்லை. உங்கள் வீட்டில் என்னோடு பேச மிச்சம் இருப்பது உங்கள் வாஷிங் மெஷின் மட்டும்தான்.

பாப்பா

*

பிப்ரவரி 19

நாத்தனாருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் நிம்மதி. அடுத்து வெட்கம். அடுத்து கோபம், ஏனென்றால் ஒரு மனிதர் வாசலில் நின்று ‘வந்துட்டேன்’ என்று வாரக்கணக்கில் சொல்லியிருக்கிறார், நான் போலீஸ் மாதிரி விசாரித்திருக்கிறேன்.

லேபில் ஊசி எடுத்துவைக்கும்போதெல்லாம் ஒகாஎரி, ஒகாஎரி என்று சொல்லிப் பழகினேன். ரத்தம் கொடுக்க வந்த ஒருவர், “எந்த டெஸ்ட்டும்மா அது?” என்று பயந்துபோய்க் கேட்டார்.

அன்று சாயங்காலம் இவர் செருப்பைக் கழற்றினார். தடைமா என்றார். நான் அடுப்படியில் இருந்தபடியே, திரும்பாமல், “ஒகாஎரி” என்றேன்.  எட்டிப் பார்த்தால் ஒரு காலில் செருப்போடு நிற்கிறார். “இன்னொரு தடவை சொல்லு” என்றார். சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவர் நிற்க முடியாமல் ஷூ ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். அதற்கு ஒரு கால் போய்விட்டது. போகட்டும்.

பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் நாள் தூங்கிவிட்டேன். முகத்தில் பாதி கண், மூக்கு ஒரு சின்னக் கோடு. ஒரு பெண் ரோப்காரின் கயிற்றுக்கு எண்ணெய் போடுகிறாள். போட்டுக்கொண்டே இருக்கிறாள். மேகம் போகிறது. ஒரு பூனை ஏறி மேலே போய், அதே வண்டியில் கீழே வருகிறது. படம் முடிந்தது. சண்டை இல்லை, காதல் இல்லை, ஒரு மாமியார்கூட இல்லை.

“இதுல என்னதான் இருக்கு?” என்று கேட்டேன். இவர் பதில் சொன்னார் பாருங்கள், ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்தது போல. அப்படியே எழுதுகிறேன்:

“வேலை செய்யறதைக் காட்டறாங்க. மத்த படத்துல ஒருத்தன் வேலைக்குக் கிளம்புவான், அடுத்த சீன்ல வீட்டுக்கு வந்துடுவான். நடுவுல அவன் என்ன பண்ணான்னு எவனுக்கும் அக்கறை இல்ல. இவங்க ஒரு போல்ட் முறுக்கறதை முழுசா போட்டிருக்காங்க. கை எங்க வழுக்கும், எங்க அழுத்தணும், எல்லாம் சரியா இருக்கு. அதைவிட, அது தானா வந்ததில்ல. கேமராவை வெச்சா வானமும் வரும், வானத்துல போற கம்பியும் வரும், நம்ம கேக்காமயே. இங்க அந்தக் கம்பி இருக்குதுன்னா, அது வேணும்னு நினைச்சு ஒருத்தர் உக்காந்து வரைஞ்சிருக்கார். காத்துல அது எவ்வளவு ஆடும்னு யோசிச்சிருக்கார். நான் மேல உக்காந்து அத்தனை வருஷம் பார்த்த காத்து, அதே காத்து.”

 மேலே உட்கார்ந்து இவர் என்ன பார்ப்பார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சாப்பாட்டு டப்பா காலியாக வந்ததா என்றுதான் பார்த்திருக்கிறேன்.

கேட் ஆபீஸ் அம்மாவையும் ஒரு நாள் பார்த்தேன். துறைமுகச் சத்தத்தில் ஒரு காது போய், இன்னொன்றும் பாதிதானாம். “மத்த படத்துல எல்லாரும் சிரிச்சப்புறம்தான் எனக்குப் புரியும். இதுல எல்லாரும் கீழ எழுத்தைப் படிச்சுத்தான் ஆகணும். அவங்க சிரிக்கும்போதே நானும் சிரிப்பேன்” என்றார்.

அவரவருக்கு ஒரு காரணம் இருக்கிறது. நீங்கள் கிலுகிலுப்பை என்று சொல்லியிருக்கிறீர்கள். இவரிடம் மன்னிப்புக் கேட்கவும்.

அண்ணி

*

மார்ச் 2

அன்புள்ள அண்ணி,

மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் நானும் ஒன்று பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ரோப்கார் எனக்குச் சரிப்படாது. டிரைவிங் ஸ்கூலில் நாள் முழுக்க மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டிலும் மெதுவாகப் போகிற வண்டியைப் பார்ப்பதா? சத்தமாக ஒன்றைத் தேடினேன். கிடைத்தது. ஒருவன் மலை உயர ரோபோவுக்குள் உட்கார்ந்து சண்டை போடுகிறான்.

அண்ணி, அவன் அடிப்பதற்கு முன்னால் அடியின் பெயரைச் சொல்கிறான். தொண்டை கிழிய. எதிரி ஓடுவதில்லை, நின்று கேட்கிறான். வாங்கிக்கொண்டு விழுகிறான். விழுந்து கிடந்தபடியே “நல்ல அடி” என்கிறான். இரண்டு வாரம் கழித்து இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. நம் குடும்பத்தில் எல்லோரும் அடித்த பிறகும் நான் எங்கே அடித்தேன் என்பார்கள்.

இன்னொன்று சொல்கிறேன். என்னிடம் கார் ஓட்டக் கற்க வருபவர்களில் பாதிப்பேர் நாற்பது தாண்டியவர்கள். டெஸ்ட்டில் தோற்றுவிட்டு வந்து, முகத்தை இறுக்கிக்கொண்டு, “பரவால்ல மேடம்” என்பார்கள். பரவாயில்லையாவது ஒன்றாவது. இந்த ரோபோக்காரன் தோற்றால் மூக்கொழுக அழுகிறான். அந்த மூக்கொழுகலைக்கூட விடாமல் வரைகிறார்கள். அழுது முடித்து மறுபடி பயிற்சி. ஒரு எபிசோட் முழுக்க அவனுக்கு ஒரே ஒரு அசைவு வரவில்லை, கடைசி வரை வரவில்லை, அதோடு முடிந்தது. மறுநாள் என் மாணவி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். கிளட்சை விடத் தெரியாமல் அழுகையை அடக்கிக்கொண்டிருந்தவள், காரை ஓரமாக நிறுத்திவிட்டு நிம்மதியாக அழுதாள். பிறகு ஓட்டினாள்.

அண்ணனுக்கு எழுதினேன்: “அண்ணா, கிலுகிலுப்பைக்கு மன்னிப்பு. நானும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.” உடனே போன் வந்தது. “எது பாக்கற?” என்றான். சொன்னேன். “ஐயோ, அது ஒரே கத்தல்” என்றான். இரண்டு பேருக்கும் சரியான சண்டை. அவன் என்னோடு குரலை உயர்த்திப் பேசி எவ்வளவு நாளாயிற்று. நான் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் கிளப்பிவிட்டேன்.

இப்போது உங்களுக்கு. ரோபோக்காரனிடம் கற்றுக்கொண்டதைச் செய்கிறேன். முன்கூட்டியே அறிவிக்கிறேன், நின்று வாங்கிக்கொள்ளுங்கள்.

தாக்குதலின் பெயர்: போன் கைமாற்று.

ஒரு வருஷமாக நான் கூப்பிடும்போதெல்லாம் நீங்கள் எடுப்பீர்கள், என் குரலைக் கேட்பீர்கள், ஒரு வார்த்தை இல்லாமல் அண்ணனிடம் கொடுக்க நடப்பீர்கள். உங்கள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அவ்வளவுதான். முடிந்தது.

பாப்பா

*

மார்ச் 14

பாப்பாவுக்கு,

தாக்குதல் கிடைத்தது. நல்ல அடி.

இப்போது என்னுடையது. நானும் சொல்லிவிட்டுத்தான் குத்துவேன், என் தொழிலே அது.

பெயர்: சாயங்கால ரயில்.

துறைமுகத்தில் அது நடந்த மறுநாள் காலையில் வந்தாய். அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாய். சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிட்டாய். சுத்தமோ என்னவோ, ஆஸ்பத்திரி என்றாய், போய்விட்டாய். எனக்கு அன்றைக்கு இன்னொரு ஆள் வீட்டில் தேவையாக இருந்தது. நீ வருவதற்கு முந்தின ராத்திரி முழுக்கப் பேசாத மனிதரோடு நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். தரையைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன். வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகாமல் வேறு எப்படி ஆகும்?

சரி, குத்தியாயிற்று. பஞ்சை வைத்து அழுத்திக்கொள். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. உன் ரோபோக்காரன் கெட்டிக்காரன்தான்.

நான் ‘நீ’ போட்டு எழுதுவதைக் கவனித்திருப்பாய். கவனிக்காதது போல இரு.

இங்கே ஒரு சிக்கல். ரோப்கார் படத்தை இப்போது நானும் தூங்காமல் பார்க்கிறேன். தினமும் ஒன்று என்று கணக்கு. முன்னால் ஓடுகிற பாட்டைத் தள்ளிவிட இவர் விடமாட்டார், “அவங்க நமக்காகப் போட்டிருக்காங்க” என்பார். எனக்குப் பிடித்தது அதில் வருகிற இன்ஸ்பெக்டர் அம்மா. சிடுசிடுவென்று வந்து எல்லாவற்றிலும் குறை சொல்லுவாள். வேறு படமாக இருந்தால் அவளை வில்லி ஆக்கியிருப்பார்கள். இதில் ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போய், காலுறையைக் கழற்றி, வீங்கின பாதத்தை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்வதைக் காட்டினார்கள்.  ஆவி மட்டும் போகிறது.  இவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

போன வாரம் பார்த்த எபிசோடில் காற்று வந்துவிட்டது. ரோப்கார் நடு வானத்தில் நின்றுபோகிறது. உள்ளே அந்தப் பெண், ஒரு வாத்தியார், பூனை. வண்டி ஆடுகிறது. அந்த ஆட்டத்தை எப்படித்தான் வரைந்தார்களோ, சோபாவில் உட்கார்ந்திருந்த நானே அதன் கையைப் பிடித்துக்கொண்டேன். ‘தொடரும்’ என்று போட்டார்கள். திரும்பிப் பார்த்தால் இவர் இல்லை. பால்கனியில் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

மறுநாள் சின்ன ரூம் பக்கமே போகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தடைமா கிடையாது. மறுபடி ம், உம், சரி. டி.வி.யில் அந்த வண்டி அப்படியே தொங்குகிறது.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அவர் வேலைக்குப் போனதும் அடுத்த எபிசோடைத் தனியாகப் பார்த்தேன். இது துரோகம் என்று எனக்குத் தெரியும். அதற்கடுத்ததையும் பார்த்தேன். மொத்தத்தையும் பார்த்தேன். இப்போது எனக்கு எல்லாம் தெரியும், அவருக்குத் தெரியாது. சொல்லட்டுமா? சொல்லாமல் விடட்டுமா? நீயும் பார்த்துவிட்டு எழுது. சீக்கிரம்.

அண்ணி

*

மார்ச் 21

அன்புள்ள அண்ணி,

சாயங்கால ரயில் சரியான இடத்தில் விழுந்தது. அந்த வீட்டில் யாராவது என்னை ‘இரு’ என்று சொல்வார்களா என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை என்று கிளம்பினேன். சொல்லும் நிலைமையில் அங்கே யார் இருந்தார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். நல்ல அடி அண்ணி.

ரோப்காரை முழுதாகப் பார்த்துவிட்டேன். கடைசி நான்கில் மூன்றை லீவு போட்டுப் பார்த்தேன். ஒன்று மிச்சமிருந்தது, அதை டிரைனிங் காரில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது மாணவர் வந்துவிட்டார். என் கண்ணீரைப் பார்த்து, “மேடம், நேத்து ரிவர்ஸ் அவ்வளவு மோசமாவா எடுத்தேன்?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

மெதுவாகப் போகிற வண்டி எனக்குச் சரிப்படாது என்று எழுதினேன் அல்லவா. அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. சொல்லாதீர்கள். எல்லோரும் பிழைத்தார்கள் என்று சொல்லாதீர்கள். பிறகு அவளால் வண்டியைத் தொடவே முடியாமல் போனது, கீழே டிக்கெட் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தது, எதையும் சொல்லாதீர்கள். நான் அதில் எதைப் பார்த்து அழுதேன் தெரியுமா? அவளைப் பார்த்து யாருமே “தைரியமா இரு” என்று சொல்லவில்லை. வாத்தியார் டிக்கெட் வாங்குகிறார், வணக்கம் சொல்கிறார், போகிறார். இன்ஸ்பெக்டர் அம்மா வந்து டிக்கெட் ஜன்னலில் தூசி என்று திட்டுகிறாள். எப்போதும் போல. பயந்துவிட்டவளை விட்டு யாரும் தள்ளிப்போகவும் இல்லை, மேலே வந்து விழவும் இல்லை. நாமெல்லாம் அண்ணனிடம் என்ன செய்தோம்? நான் கட்டிக்கொண்டு அழுதேன். அவன் என்னவோ செத்துப்போனது போல.

அவள் மறுபடி ஏறுகிற இடத்தை நீங்களாகச் சொன்னால் அது வெறும் புத்திமதி ஆகிவிடும். அவனாகப் பார்த்தால் அது கதை.

ஆனால் ஒன்று மட்டும் சொல்லலாம். அண்ணனை எனக்குத் தெரியும். அவன் பால்கனியில் நின்று அந்தப் பெண்ணைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டான். அந்தப் பூனையைப் பற்றித்தான் கவலைப்பட்டிருப்பான். சின்ன வயதில் சர்க்கஸ் பார்க்கப் போய், புலிக்கு யார் சாப்பாடு போடுவார்கள் என்று கேட்டு அழுதவன். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

பாப்பா

*

ஏப்ரல் 11

பாப்பா,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், குறுக்கே பேசாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காய் நறுக்கிக்கொண்டே, “பூனைக்கு ஒண்ணும் ஆகல” என்றேன்.

பேப்பர் இறங்கியது. “நீ பாத்துட்டியா?”

“ம்.”

“நான் இல்லாமயா?”

“உம்.”

“முழுசாவா?”

“சரி” என்றேன். இவருடைய மூன்று வார்த்தைகளையும் இவருக்கே திருப்பிக் கொடுத்தேன். முறைத்தார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு கோபமாக என்னைப் பார்த்ததில்லை. எழுந்து போய் டி.வி.யைப் போட்டார். நான் கத்தியை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

காலையில் உட்கார்ந்தவர்கள், வெயில் சன்னலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும்வரை எழுந்திருக்கவில்லை. நறுக்கின காய் வாடிவிட்டது. பிஸ்கட்தான் சாப்பாடு. அந்தப் பெண் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததை இவர் பிஸ்கட்டைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார். அவளுக்குப் பதிலாக வந்த ஆள் வண்டியை வெடுக்கென்று கிளப்பியபோது மட்டும், “முட்டாள், மெதுவா எடு” என்றார். பூனை அந்த ஆளோடு ஏற மறுத்தபோது தொடையில் தட்டிச் சிரித்தார்.

பிறகு அந்த இடம் வந்தது. ஒரு சாதாரண நாள். வண்டியின் கண்ணாடி அழுக்காக இருக்கிறது என்று அவள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். துடைக்கிறாள். வெளிப்பக்கம், உள்பக்கம், மூலை. பாட்டு இல்லை, ஒன்றும் இல்லை, துணி கண்ணாடியில் உரசுகிற கீச் கீச் சத்தம் மட்டும். துடைத்து முடித்து நிமிர்ந்து பார்த்தால் எதிரே மலை. கண்ணாடி சுத்தமாகிவிட்டதால் மலை தெரிகிறது. அவள் கை தானாக விசைக்குப் போகிறது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எலும்பு நொறுங்கிவிட்டது, ஆனாலும் எடுக்கவில்லை.

கடைசி எபிசோட் ஒன்றை மட்டும் மிச்சம் வைத்துவிட்டார். “எல்லாத்தையும் ஒரே நாள்ல தின்னுடக் கூடாது” என்றார்.

புதன்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, “ஒரு துடைக்கிற துணி குடு” என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இருப்பதிலேயே நல்லதாக, பழைய பருத்திச் சட்டையைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் லேபுக்குப் போன் செய்து வர நேரமாகும் என்று சொல்லிவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தேன். தரையைத் துடைக்கவில்லை.

கேட் ஆபீஸ் அம்மா சொல்லித்தான் மீதி தெரியும். கிரேன் அடிவரை இவரோடு அவரும் நடந்திருக்கிறார். முதல் நாள் பாதி ஏணி வரைதான். இறங்கி வந்து இரண்டு பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள், அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் இன்னும் மேலே. வெள்ளிக்கிழமை கேபினுக்குள் போய்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்திருக்கிறார். “அந்தாளு ஒரு வருஷமா ஒரு தடவைகூடத் துடைச்சிருக்க மாட்டான் போல” என்று இப்போது ஓட்டுகிறவரை வீட்டில் வந்து திட்டினார். நான் அதை ஏதோ பாட்டுக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது கூடவே ஒரு டிரைனர் உட்கார, காலிப் பெட்டிகளை வைத்துப் பழகுகிறார். சில நாள் நன்றாகப் போகிறது. சில நாள் காற்று அடித்தால் இறங்கி வந்துவிடுகிறார். இன்றைக்கு இறங்கி வந்துவிட்டேன் என்று என்னிடம் சொல்லவும் செய்கிறார். ஆனால் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்: “பொம்மைப் படம் பாத்து கிரேன் ஏறினேன்னு எவங்கிட்டயும் சொல்லிடாத. இதுக்குன்னு டாக்டர்கிட்ட எத்தனை தடவை போயிருக்கேன், அவர் மனசு கஷ்டப்படும்.”

சொல்ல மாட்டேன் என்றேன். உன்னிடம் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

கடைசி எபிசோடுக்கு நீ வரவேண்டும். நீ ஏற்கெனவே பார்த்ததை முகத்தில் காட்டக்கூடாது. சாயங்கால ரயிலில் திரும்பிப் போக டிக்கெட் எடுத்தாயானால் போகவிடாமல் வாசல் கதவைப் பூட்டுவேன். இரு. இப்போதே சொல்லிவிட்டேன்.

அண்ணி

*

ஏப்ரல் 30

அண்ணி,

வீடு வந்து சேர்ந்தேன். பையைத் திறந்தால் நீங்கள் வைத்த ஊறுகாய் பாட்டில் உடையாமல் வந்திருக்கிறது. என் பற்பசையை உங்கள் வீட்டில் விட்டுவிட்டேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் எப்படிப் போயிற்று என்றே தெரியவில்லை. கடைசி எபிசோட் முடிந்து பேர் ஓட ஆரம்பித்ததும் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் என்றீர்கள். அண்ணி, அன்றைக்கு வீட்டில் வெங்காயமே இல்லை, நான்தான் கடைக்குப் போனேன். நீங்கள் கூப்பிட்டு வந்திருந்த கேட் ஆபீஸ் அம்மா சத்தமாகவே அழுதார், அழுகிற சத்தம் தமக்குக் கேட்காது என்பதால் கூச்சமில்லை என்றார். அண்ணன் மட்டும் அழவில்லை. பேர் ஓடுவதை முழுக்கப் படித்தான். வானம் வரைந்தவர் யார், கயிறு வரைந்தவர் யார் என்று ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினான். ஷிப்டு முடிந்து போகிறவர்களுக்கு ஆட்டுவதுபோல.

அடுத்து எதைப் பார்ப்பது என்று மேசையில் நடந்த சண்டையில் நீங்கள் என் பக்கம் ஓட்டுப் போட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அண்ணன் முகத்தைப் பார்த்தீர்களா? “நீயுமா?” என்றான். ரோபோக்காரனை ஆரம்பித்துவிட்டீர்கள் என்று நேற்று அவனே சொன்னான். கத்தல் தாங்கவில்லையாம், ஆனால் ரோபோவின் முழங்கால் மூட்டைச் சரியாக வரைந்திருக்கிறார்களாம்.

இதையெல்லாம் எழுத உட்காரவில்லை. உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கிளம்பின அன்று காலையில் நீங்கள் லேபுக்குப் போய்விட்டீர்கள். ரயிலுக்கு நேரமிருந்தது. நான் துறைமுகத்துக்குப் போனேன். அண்ணனிடம் சொல்லவில்லை. கேட் ஆபீஸ் அம்மா ஒரு மஞ்சள் தொப்பியை என் தலையில் கவிழ்த்து, வேலி ஓரமாக நிறுத்தினார். “அந்த நாலாவது கிரேன். இன்னிக்கு முதல் தடவையா டிரைனர் இல்லாம ஏத்தியிருக்காங்க” என்றார்.

மேலே அண்ணன் தெரியவில்லை. கண்ணாடி தெரிந்தது. வெயில் பட்டு மின்னியது, மற்ற மூன்றும் மங்கலாக இருந்தன. கப்பலிலிருந்து ஒரு சிவப்புப் பெட்டி கிளம்பியது. அவ்வளவு பெரிதை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. காற்று இருந்தது அண்ணி, என் தொப்பியைப் பிடித்துக்கொள்ளவேண்டி இருந்தது. பெட்டி லேசாக ஆடியது. நின்றது. அங்கேயே, நடுவானத்தில், ஆட்டம் அடங்கும்வரை அவன் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தான். கீழே யாரோ கைகாட்டி அவசரப்படுத்தினார்கள். அவன் காத்திருந்தான். கேட் ஆபீஸ் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், நான் அவருடையதைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு இறக்கினான். நான் எத்தனையோ பேருக்குப் பிரேக் போடச் சொல்லிக்கொடுத்தவள். நிறுத்துகிற கடைசி நொடியில் ஒரு குலுக்கல் வரும், அதைப் போக்குவதுதான் கஷ்டம். அதற்காகவே பாதிப்பேரைத் திட்டியிருக்கிறேன். அந்தப் பெட்டி லாரியின் மேல் வந்து உட்கார்ந்தது. லாரி அசையவில்லை. டயர் அமுங்குவதுகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. கொக்கிகள் பெட்டியை விட்டு மேலே போய்விட்டன. லாரி அங்கேயே நின்றுகொண்டிருந்தது. ஏன் கிளம்பவில்லை என்று நான் எட்டிப் பார்த்தேன்.

டிரைவர் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடி, பெட்டி எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

பாப்பா